முதல் துவக்கு: சன்னம் எங்கே போய் நிற்கும்?

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்கள் காட்டுப்பன்றிக்காக முதன்முறை துவக்கு வாங்க நினைத்தால் என்னிடம் கேட்பது இதுதான்: சொட்கனா, பொயிண்ட் 22 றைபிளா?

றைபிளில் ஆசை வருவது இயல்பு. லீவரை இழுத்து அடுத்தடுத்துச் சுடலாம். சத்தமும் உதைப்பும் குறைவு. ஆனால் அதன் சன்னம் ஒரு கிலோமீற்றரையும் தாண்டிப் போகும். தண்ணீரில் பட்டால் தெறித்துத் திசைமாறும். மேடில்லாத எங்கள் வயல்வெளியில் அதை மறிக்க எதுவுமில்லை. இரவில் பக்கத்து வயல் காவல் கொட்டிலிலும் ஆள் படுத்திருக்கும். பெரிய பன்றியை உடனே விழுத்தும் வலுவும் அதற்குக் கிடையாது. காயப்பட்ட பன்றி ஆள்மீது பாயும்.

12 போர் சொட்கனின் ஈயக்குண்டுகள் சில நூறு மீற்றருக்குள் விழுந்துவிடும். ஒற்றைக்குழலாக இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் திறந்து தோட்டா போடவேண்டும்; திறந்தாலே வெறுமையா என்று தெரியும். புதியவருக்கு அந்தத் தாமதமே பாதுகாப்பு. என் பதில் அதுதான்.

எதுவானாலும் அனுமதிப்பத்திரம் முதலில், துவக்கு பிறகு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கையில் துவக்கு இருந்தாலும் யானையைச் சுட முடியாது. வெடி கொளுத்தித்தான் துரத்தவேண்டும்.