விமானப் படிப்பு படிக்க ஆசையா? விவரம் தெரிஞ்சுக்குவோம்



பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வருகிற மாதங்களில் நம் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேச்சோடு பிள்ளைகளின் படிப்புப் பேச்சும் வந்துவிடும். சூரமங்கலம் பகுதிக் குழுக்களுக்குப் போகும்போது, "எம் பொண்ணு ஏரோநாட்டிக்கல் படிக்கணும்ங்கிறா, அது என்ன படிப்புங்க?" என்று சில அக்காமார்கள் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் ஓமலூர் பக்கம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு மறுபடியும் விமானம் வரத் தொடங்கியது. தலைக்கு மேலே விமானம் போவதைப் பார்க்கிற பிள்ளைக்கு ஆசை வருவது இயல்புதான். அந்த ஆசையைத் தடுக்க வேண்டாம். அதே நேரம், விவரம் தெரியாமல் யாரிடமும் பணத்தைக் கட்டவும் வேண்டாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இது என்ன படிப்பு?

ஏரோநாட்டிக்கல் என்பது நான்கு வருட பி.இ. படிப்பு. விமானத்தை வடிவமைப்பது, செய்வது, சோதிப்பது பற்றிச் சொல்லித் தருவார்கள். ஏரோஸ்பேஸ் என்றால் அதோடு ராக்கெட்டும் சேரும். இதைப் படித்தால் பைலட் ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பைலட் பயிற்சி வேறு, அதற்குச் செலவும் மிக அதிகம். விமானத்தைப் பழுது பார்த்துப் பராமரிக்கிற ஏ.எம்.இ. படிப்பும் வேறு. அதற்கு மத்திய அரசின் டி.ஜி.சி.ஏ. அலுவலகம் தருகிற லைசென்ஸ் வேண்டும். மூன்றும் ஒன்றல்ல என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

விமானம் எப்படிப் பறக்கிறது?

ஆடிக் காத்துல முறத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் கையை விட்டுத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும், இல்லையா? விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். இன்ஜின் விமானத்தை வேகமாக முன்னே தள்ளுகிறது. எதிரே வருகிற காற்றை இறக்கையின் வளைவும் சாய்வும் கீழ்நோக்கித் திருப்பிவிடுகின்றன. இறக்கை காற்றைக் கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. எடை கீழே இழுக்கும், காற்றின் தடை பின்னே இழுக்கும். இந்த நான்கு விசைகளையும் கணக்குப் போட்டுச் சரிக்கட்டுவதுதான் இந்தப் படிப்பின் அடிப்படை. அதனால்தான் கணக்கும் இயற்பியலும் இல்லாமல் இதில் நுழைய முடியாது.

இப்போதே எதைப் படிக்கணும்?

பத்தாவது முடித்ததும் பிளஸ் ஒன்னில் கணக்கு, இயற்பியல், வேதியியல் உள்ள குரூப்பை எடுக்க வேண்டும். பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் இயக்க விதிகள், பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல் ஆகிய பாடங்கள் விமானத்துக்கு நேரடியாக உதவுபவை. மனப்பாடம் செய்யாமல் புரிந்து படிக்கச் சொல்லுங்கள். அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' நூலகத்தில் கேட்டால் கிடைக்கும். அதையும் படிக்கட்டும்.

ராமேசுவரத்தில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்த கலாம், 1950களில் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில்தான் விமானப் படிப்பு படித்தார். சேரக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். நகையை அடகுக் கடையில் வைத்துப் பிள்ளைக்குப் பீஸ் கட்டுகிற கஷ்டம் நமக்குப் புதுசு இல்லை. ஆனால் இன்றைக்கு அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வழிகள் சில உண்டு.

பணத்துக்கு என்ன வழி?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அந்த எம்.ஐ.டி.க்கும் மற்ற பொறியியல் கல்லூரிகளுக்கும் அரசுக் கலந்தாய்வு மூலம் சேரலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆப் போடுவார்கள். ஐ.ஐ.டி.க்கும், திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்லூரிக்கும் தனியாக ஜே.இ.இ. தேர்வு எழுதணும்.

1. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும்.
2. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.
3. வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கேட்கலாம். படித்து முடித்து ஒரு வருடம் வரை தவணை இல்லை. ஆனால் வட்டி கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். முதல் இரண்டு சலுகைகளும் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால்தான் கிடைக்கும். புரோக்கர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிட்டால் போச்சு.

ஏமாறாமல் இருக்க

"ஏர்போர்ட்டில் வேலை நிச்சயம்" என்று நோட்டீஸ் கொடுப்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது பி.இ. பட்டமா, ஏ.எம்.இ.யா, வெறும் சர்டிபிகேட்டா? பி.இ. என்றால் கலந்தாய்வுக்கான கல்லூரி எண் என்ன? ஏ.எம்.இ. என்றால் டி.ஜி.சி.ஏ. அனுமதிக் கடிதம் எங்கே? பதில் சொல்லத் தடுமாறினால் அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இதற்காகக் குழுவில் உள்கடன் கேட்டு யாராவது வந்தால், இந்த மூன்று கேள்விக்கும் பதில் பார்த்த பிறகே தீர்மானம் போடுங்கள்.

வேலை கிடைக்குமா?

உண்மையைச் சொல்லணும். இந்தத் துறையில் வேலை இடங்கள் கம்மி, போட்டி அதிகம். பெங்களூர், திருவனந்தபுரம் போன்ற வெளியூர்களுக்குப் போக வேண்டிவரும். ராணுவத் தளவாட உற்பத்திக்காக 2019-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய தொழில் பாதையில் நம்ம சேலமும் ஓர் இடம் என்பது நல்ல செய்தி. ஆனால் அதை மட்டும் நம்பிப் படிக்க வைக்க முடியாது.

ஏரோநாட்டிக்கல் இடம் கிடைக்கவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. 2023-ல் சூரியனை ஆராய அனுப்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி நம்ம செங்கோட்டைப் பெண். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். அதே ஆண்டு நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல், ரயில்வே ஊழியரின் மகன். முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. அந்த மெக்கானிக்கல் நம்ம கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு விமானப் படிப்பு?" என்று வீட்டில் யாராவது கேட்டால் நிகர் ஷாஜி பெயரைச் சொல்லுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் உள்ளவர்கள் சாதி, வருமான, முதல் பட்டதாரி சான்றிதழ்கள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இல்லாதவர்கள் பட்டியலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோருமாகச் சேர்ந்து இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுவிடுவோம்.