வந்தியின் பங்குக் கரை

அங்கயற்கண்ணி அம்மையும் சொக்கநாதப் பெருமானும் நடுவில் வீற்றிருக்க, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்த நகரம் மதுரை. இந்த வீதிகளில் வாழ்வோருக்குக் கோயில் என்பது வழிபாட்டுத் தலம் மட்டுமன்று. பூத் தொடுப்பவர், தேங்காய் விற்பவர், வளையல் கடைக்காரர், கிழக்குக் கோபுரத்தின் எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில் தையல் இயந்திரத்தோடு அமர்ந்திருந்தவர் ஆகிய அனைவருடைய அன்றாட உணவும் அம்மையின் சந்நிதியை நாடி வருவோரை நம்பியே இருந்தது. 2020 மார்ச் மாதம் பெருந்தொற்றின் காரணமாகக் கோயிலில் பக்தர்களின் தரிசனம் நிறுத்தப்பட்டபோது, வீதிகளின் மூச்சும் உடன் நின்றதுபோலாயிற்று.

திருக்கல்யாணமும் வீட்டுக்குள்ளே

உள்ளே நித்திய பூஜைகள் முறை தவறாமல் நடந்தன. ஆனால் சித்திரைத் திருவிழாவின் வீதி உலாக்கள் இல்லை, தேரோட்டம் இல்லை. அழகர் அவ்வாண்டு மதுரைக்கு வந்து வைகையில் இறங்கவில்லை. மே 4ஆம் நாள், மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்கள் மட்டும் உடனிருக்க எளிமையாக நடந்தேறி, இணையத்தின் வழியே ஒளிபரப்பாயிற்று. ஆண்டுதோறும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நின்று, அம்மைக்கு மங்கலநாண் பூட்டும் வேளையில் தாமும் புதுத் தாலிச்சரடு மாற்றிக்கொள்ளும் சுமங்கலிகள், அவ்வாண்டு தத்தம் இல்லங்களில் விளக்கேற்றி வைத்து மாற்றிக்கொண்டனர். மொய் எழுதித் திருக்கல்யாண விருந்து உண்ணும் பேறும் யாருக்கும் கிட்டவில்லை.

பசியறிந்த கைகள்

விருந்து நின்றது; பசி நிற்கவில்லை. அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவர்களும், கோயில் வாசலையே வீடாகக் கொண்ட ஆதரவற்றோரும் முதலில் தவித்தனர். அரசு, அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விலையின்றி வழங்கியது. கோயில்களில் பந்தியாக நடைபெற்றுவந்த அன்னதானம், உணவுப் பொட்டலங்களாக உருமாறி எளியோரைத் தேடிச் சென்றது. அம்மா உணவகங்களின் அடுப்புகளும் அணையவில்லை.

ஆனால் அட்டை இருந்தும் கடை வரை நடக்க இயலாத முதியவர் உண்டு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோய் வாசற்படியில் நின்ற மூதாட்டியர் உண்டு. இவர்களுடைய வாசலுக்கு உடனே வரக்கூடியவர் அடுத்த வீட்டார் ஒருவரே. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் மாத்திரையுடன் திரும்பியவர்களும், தம் வீட்டு உலையில் இன்னும் ஒரு பிடி அரிசியைச் சேர்த்துப் போட்டு, சமைத்ததைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுத்தவர்களும் செய்த தொண்டுக்குக் கணக்கேடு கிடையாது.

ஒரு பிரம்படி, ஊரெங்கும் வலி

இத்தகைய துயரை ஆலவாய் முன்பே அறியும். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தின் 64 விளையாடல்களுள் 61ஆவது, மண் சுமந்த திருவிளையாடல். வைகை பெருகி ஊரை அழிக்க வந்தது. கரையை அடைக்க, குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. பிட்டு விற்று வாழ்ந்த வந்திக்கும் ஒரு பங்கு வந்தது. அவளோ முதியவள், துணை யாரும் இல்லாதவள். அவள் பங்கை அடைக்கக் கூலியாளாக வந்தவன் சொக்கநாதனே. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றான், மண் சுமந்தான், ஆடினான், பாடினான், உறங்கினான். சினந்த பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த ஓரடி அரசன்மேல், அரசியர்மேல், அமைச்சர்மேல், எல்லா உயிர்கள்மேலும் பட்டது.

ஒருவன் முதுகில் விழுந்த அடி அனைவருக்கும் வலித்தது என்பதன் பொருளைப் பெருந்தொற்றுக் காலம் தெளிவாகவே உணர்த்திற்று. ஒரு வீட்டின் நோய் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. கரையில் ஒருவர் பங்கு அடைபடாமல் கிடந்தால் வெள்ளம் அந்த வழியே ஊர் முழுவதற்குள்ளும் புகும். ஆகவே வந்தியின் பங்கை அடைப்பது வந்திக்கு மட்டும் செய்யும் உதவியன்று. ஊரைக் காப்பதும் அதுவே.

ஆவணியில் திறந்த வாசல்

ஊரடங்கு மெல்லத் தளர்ந்து கடைகள் திறந்தன. தொற்று பெருகவே, ஜூன் 24 முதல் ஜூலை நடுப்பகுதி வரை மதுரை மீண்டும் அடங்கிற்று. ஐந்து மாதங்களுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின், செப்டம்பர் முதல் நாள் மீனாட்சி அம்மன் கோயிலில் பக்தர்கள் அனுமதிக்கப்பட்டனர். அது ஆவணி மாதம். மண் சுமந்த லீலைக்கு உரிய மாதம். வழக்கமாக ஆவணி மூலத்தன்று திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும், திருப்பரங்குன்றத்திலிருந்து முருகப்பெருமானும் வந்து சேர, சுவாமியும் அம்மையும் ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்வர். அவ்வாண்டு அந்த எழுந்தருளல் இல்லாமலே வாசல் திறந்தது.

முகக்கவசம் அணிந்து, உடல் வெப்பம் பார்க்கப்பட்டு, இடைவெளி விட்டு அடியார்கள் உள்ளே சென்றனர். தேங்காய், பழம், பூ கொண்டுவர அனுமதி இல்லை. எனவே கோயில் திறந்தும் பூக்காரரின் கூடைக்கு விடிவு வரச் சில காலம் ஆயிற்று. அந்நாட்களில் வீட்டுப் படத்துக்கென்று ஒரு முழம் வாங்கிச் சென்றவர்கள் செய்ததும் ஒருவகை அர்ச்சனையே.

அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வீட்டிலேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் அம்மையைக் கண்டு வந்த கண்களுக்கு அது கடினமான தவம். ஆயினும் அந்த வெள்ளத்தில் முதியோருக்கு அளந்து விடப்பட்ட பங்கு அதுதான். தெற்குக் கோபுரத்தை மாடியிலிருந்து கைகூப்பித் தொழுதுவிட்டுப் பேரப்பிள்ளைகளைத் தரிசனத்துக்கு அனுப்பிய பெரியவர்களும் தம் பங்குக் கரையைச் சிந்தாமல் அடைத்தவர்களே.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்து கோயில்கள் மீண்டும் மூடப்பட்டன. ஜூலை 5ஆம் நாள் திறந்தன. இரண்டு சித்திரைகள் அடியாரின்றிக் கழிந்தபின், 2022 ஏப்ரல் 14ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, அம்மையின் திருக்கல்யாணத்தைக் கண்ணாரக் காணும் பேறு மக்களுக்கு மீண்டும் கிடைத்தது.

பெருந்தொற்று தணிந்துவிட்டது. ஆனால் தனித்து வாழும் வந்தியர் எல்லாத் தெருக்களிலும் இன்றும் இருக்கிறார்கள். ஆவணி மூலத்தன்று பிட்டு அவித்துச் சொக்கநாதருக்கு நிவேதிக்கும் இல்லங்கள், அதில் ஒரு பங்கை அடுத்த வீட்டு முதியவருக்குக் கொண்டு சென்று கொடுத்து, வேண்டியது என்னவென்று கேட்டு வரட்டும். கூலியாளாய் வந்த பெருமான் அவ்வீட்டு வாசலிலும் நின்று அருள்வான்.