பின்வரிசைக்கும் ஒரு பயிற்சி முகாம்

கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவது எமது கிராமங்களின் வழக்கம். எதிரணியின் நான்கு கோல்களைத் தடுத்து நின்ற பின்வரிசை வீரனை மறுநாள் எவரும் நினைப்பதில்லை. விடுமுறைக் காலத்தில் முகாம் நடத்த எண்ணும் வன்னிக் கழகங்கள் இம்முறை இந்தப் பின்வரிசையினருக்கென்றே ஐந்து நாட்களை ஒதுக்கினால் என்ன?

இதற்கு வேறொரு நாட்டின் அனுபவம் எமக்கு உதவும். அமெரிக்க உதைபந்தாட்டம் எமது ஆட்டத்தைப் போன்றதல்ல. றக்பிக்குக் கிட்டிய உறவு. பந்தை ஏந்துபவனைக் காக்க ஐந்து பேர் வரிசையாக நின்று, எதிரிகளை உடம்பால் மறிப்பார்கள். உடல் பருத்த, பலமான வீரர்களே இதற்குத் தெரிவாவார்கள். இவர்களின் பயிற்சி முகாம்கள் யூலை, ஓகஸ்ட் வெயிலில் நடைபெறும்.

2001 யூலை 31ஆம் திகதி, மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் மறிப்பு வரிசை வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் கடும் வெயிலில் பயிற்சி செய்தார். பலமுறை வாந்தி எடுத்தும் பயிற்சியை விடவில்லை. பின்னர் நிலைகுலைந்தார்; மறுநாள் அதிகாலை உயிர் பிரிந்தது. வயது 27. வெப்பத் தாக்கமே காரணம். பெரிய உடம்பு அதிக வெப்பத்தை உண்டாக்கும்; அதை வெளியேற்றவோ கூடிய நேரம் எடுக்கும். “என்னால் முடியும்” என்று பல்லைக் கடித்து நிற்கும் பலசாலிக்கே ஆபத்து அதிகம்.

அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் முதல் ஐந்து நாட்களில் பயிற்சியின் கடுமையைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும் என்று 2003இல் விதி வகுக்கப்பட்டது. எமது முகாமுக்கும் இதுவே அத்திவாரம்.

முதலில் காலத்தைத் தீர்மானிப்போம். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும் காலம். அதைத் தவிர்ப்பது நல்லது. ஓகஸ்டில் சிறுபோக அறுவடை, 15ஆம் திகதி மடுத் திருவிழா, நல்லூர்த் திருவிழா ஆகியவை உண்டு. வயலில் கைகொடுக்கும் பிள்ளையை முகாமுக்கு அழைக்குமுன் பெற்றோரிடம் கலந்து பேசுவது அவசியம்.

உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் செல்லும். வயல் வேலை செய்யும் இளைஞனுக்கு இது கடினமல்ல. புத்தகத்துடன் இருந்த மாணவனுக்குக் கடினம். ஆகவே முகாமுக்கு ஒரு வாரம் முன்பே மாலையில் மெதுவாக ஓடிப் பழகச் சொல்லுங்கள்.

பயிற்சி காலை 6 மணி முதல் 8.30 வரையும், மாலை 4.30 முதல் 6 வரையும் போதும். முதல் இரு நாட்களும் ஓட்டமும் நிற்கும் முறையும்: முழங்கால் மடித்து, உடம்பைத் தாழ்த்தி, சற்றுப் பக்கவாட்டாக நின்று, எதிரியின் காலையல்ல, பந்தைப் பார்க்க வேண்டும். பாய்ந்து விழாமல் அவனைத் தாமதப்படுத்துவதே பின்வரிசையின் கலை. மூன்றாம், நான்காம் நாட்களில் தோளோடு தோள் மோதுதலும், தலையால் பந்தை அகற்றுதலும், நால்வரும் ஒரே கோடாக நகர்தலும். ஐந்தாம் நாள் ஆட்டம். அன்று கோல் அடித்தவருக்கல்ல, தடுத்தவருக்கே பரிசு கொடுப்போம்.

கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மரநிழலில் தண்ணீர். உப்புச் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர், மோர், குரக்கன் கஞ்சி, அவித்த கடலை, கௌபி ஆகியவை எம்மிடமே உள்ளன, செலவு பெரிதல்ல. தண்ணீர் கேட்பது பலவீனம் என்று எவரும் கேலி செய்ய இடமளிக்கக் கூடாது.

ஒருவன் தள்ளாடினால், பொருத்தமில்லாமல் பேசினால், வாந்தி எடுத்தால் உடனே பயிற்சியை நிறுத்துங்கள். நிழலில் கிடத்தி, மேலாடையைக் கழற்றி, குளிர்ந்த நீரை உடம்பெங்கும் விடாமல் ஊற்றுங்கள். ஈரச் சாக்கினால் போர்த்தி விசிறுங்கள். அதேவேளை இன்னொருவர் 1990 அம்புலன்சுக்கு அழைக்கட்டும். முதலில் குளிர்வித்தல், பிறகே கொண்டு செல்லல் என்பதே மருத்துவர் வகுத்த ஒழுங்கு. இதற்கென நீர் நிறைந்த பீப்பாய் ஒன்று மைதான ஓரத்தில் எப்போதும் இருக்க வேண்டும். நினைவு தளம்பியவனுக்கு வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது.

மைதானத்தையும் மறவாதீர்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் நீடித்தது. பந்து தேடிப் பற்றைக்குள் ஓடுவது பிள்ளைகளின் இயல்பு. எனவே மைதானம் மட்டுமன்றி, அதைச் சுற்றியுள்ள காணியும் பாதுகாப்பானது என்பதைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்.

பந்து, சப்பாத்து, சீருடை எல்லாம் பின்னர் தேடலாம். நிழலும் நீரும் நேரமும் சரியாக அமைந்தால் முகாமின் பாதி வேலை முடிந்தது. வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நலமாக வீடு திரும்புவதே அதன் முதல் வெற்றி.