நரம்பின் குற்றமும் குணமும்

சீவக சிந்தாமணியிற் காந்தருவதத்தையின் இசையரங்கிலே சீவகன், தன்முன் வைத்த யாழ்களைக் குற்றங் கூறி விலக்குகின்றான். நரம்பினுள் மயிர் கிடந்தமையையும் காட்டுகின்றான். மயிர், தும்பு, முறுக்கு, கொடும்புரி என முன்னோர் வகுத்த நரம்புக் குற்றங்கள் யாவும் சமனின்மையே. இன்றைய வீணைக்கும் கிற்றாருக்கும் இஃதே அளவுகோல்: நுனிமுதல் நுனிவரை கனம் ஒத்திராத தந்தி சுருதி சேராது.

தடித்த தந்தியின்மேல் மென்கம்பி சுற்றுவது நல்ல தொழில்நுட்பம். பாரம் கூடும், விறைப்புக் கூடாது. மெல்லிய பூச்சிட்ட தந்திகளும் இக்காலத்து விற்பனையாகின்றன. கணீரென்ற ஒலி சிறிது மங்கினும், வியர்வையும் உப்புக்காற்றும் துருவேற்றும் நம் குடாநாட்டில் அப்பூச்சுக்குக் கொடுக்கும் காசு வீணன்று. கடுங்குளிரிற் பதப்படுத்தியவை என்பனவோ வேறு. சுருதியை நிறுவுவன நீளம், இழுவை, பாரம் என்னும் மூன்றே. குளிர் அவற்றுள் எதனைத் திருத்தும்? அதற்கென மாணவர் மிகுவிலை கொடுத்தல் வேண்டா என்பது என் துணிபு.

புதிய தந்தியைச் சோதித்தல் எளிது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுக; பின் அம்மெட்டின் நேர்மேலே விரலால் மெல்லத் தொட்டு மீட்டுக. இரண்டும் ஒரே சுருதியாதல் வேண்டும். மெட்டுகள் செவ்வையாயிருந்தும் வேறுபடின், அத்தந்தியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.