வாசல் விளக்குக்கு மண்ணுக்கடியில் எந்த ஒயர்?

வீட்டு வாசலிலும் காம்பவுண்டு ஓரத்திலும் கம்பம் நட்டு விளக்குப் போடும்போது, பி.வி.சி. பைப்பைப் புதைத்து, வீட்டுக்குள் ஓடும் அதே ஒயரை அதில் இழுத்துவிடுகிறோம். பைப் இருக்கிறதே, தண்ணீர் எப்படிப் போகும் என்று நினைக்கிறோம். ஆனால் மண்ணுக்கடியில் உள்ள பைப் உலர்ந்து இருப்பதில்லை. இணைப்புகள் வழியே மழைநீர் இறங்கும். உள்ளே உள்ள காற்றின் ஈரமும் குளிர்ந்து நீராகும். ஆகவே ஒயர் தண்ணீரிலேயே கிடக்கும் என்று கருதித்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த வகை?

சுவருக்குள் ஓடும் ஒற்றை ஒயருக்கு ஒரே ஓர் உறைதான் உண்டு. இழுக்கும்போது அதில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மின்சாரம் கசியும். மண்ணுக்கடியில் இது வேண்டாம்.

சிறந்தது ஆர்மர்டு கேபிள். உள் ஒயர்களுக்குத் தனித்தனி உறை, மேலே இரும்புக் கவசம், அதற்கும் மேல் வெளியுறை என இருப்பதால் மண்வெட்டியும் எலியும் எளிதில் சேதப்படுத்த முடியாது. பைப் இல்லாமலும் புதைக்கலாம். வாங்கும்போது ஐ.எஸ். 1554 அல்லது ஐ.எஸ். 7098 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ளதா என்று பாருங்கள்.

எவ்வளவு கனம்?

எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுக்கின்றன. 20 வாட் விளக்குகள் ஐந்து சேர்ந்தாலும் அரை ஆம்பியர்கூட வராது. 50 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் தாராளமாகப் போதும். கனத்துக்குக் கொடுக்கும் பணத்தை உறைக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

எர்த் அவசியம்

இரண்டு கோர் போதும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாவது கோர் எர்த்துக்கு உரியது. இரும்புக் கம்பத்தையும் கேபிளின் கவசத்தையும் எர்த்தில் சேர்க்க வேண்டும். வெளி விளக்குகளுக்கென்று 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வையுங்கள். சாதாரண எம்.சி.பி. பல ஆம்பியர் ஓடினால்தான் விழும். மனித உயிரைப் பறிக்க அதில் நூறில் ஒரு பங்கு கசிவே போதும். மழையில் நனைந்த காலுடன் ஒரு குழந்தை கம்பத்தைத் தொடும்போது காப்பாற்றுவது இந்த ஆர்.சி.சி.பி.தான்.

பள்ளத்தை மூடும் முன்

* பள்ளம் இரண்டரை அடி ஆழம் இருக்கிறதா? கேபிளுக்குக் கீழும் மேலும் மணல் பரப்பி, அதன் மேல் செங்கல் அடுக்கியாயிற்றா?
* மண்ணுக்குள் எங்கும் ஒயரை முறுக்கி டேப் சுற்றவில்லையே? இணைப்புகள் எல்லாம் தரைக்கு மேல், மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.
* உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மெகர் கருவியால் சோதித்தாரா?
* கேபிள் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து வைத்தீர்களா? நாளை செடி நடவோ குழாய் பதிக்கவோ தோண்டுபவரின் உயிருக்கு அந்தத் தாளே பாதுகாப்பு.

இவற்றை நேரில் பார்த்த பிறகே மண்ணைத் தள்ளச் சொல்லுங்கள்.