எம்சிபி ட்ரிப் ஆகலையே, அப்புறம் பிளக் ஏன் சுடுது?

இன்னைக்கு ஃபோன்ல கால்குலேட்டரைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேளுங்க. ஸ்கூல்ல படிச்ச ஓம் விதிதான் விஷயம். அப்போ மார்க்குக்காகப் படிச்சோம். இப்போ வாடகை வீட்டுல ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கெட்டில், அயர்ன் பாக்ஸ் ரெண்டையும் சொருகுறோமே, அது எவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சுக்க அதே கணக்கு போதும்.

முதல்ல நாலு வார்த்தை. வோல்டேஜ்னா மின்சாரத்தைத் தள்ளுற அழுத்தம், அலகு வோல்ட். கரண்ட்னா ஒரு விநாடிக்கு எவ்வளவு மின்னூட்டம் ஓடுதுங்கிற அளவு, அலகு ஆம்பியர். மின்தடைன்னா அந்த ஓட்டத்துக்கு வர்ற எதிர்ப்பு, அலகு ஓம். பவர்னா ஒரு விநாடிக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகுதுங்கிறது, அலகு வாட்.

இதுல வோல்டேஜும் கரண்டும் தெரிஞ்சா மத்த ரெண்டையும் கண்டுபிடிச்சிடலாம்.

மின்தடை = வோல்டேஜ் ÷ கரண்ட்
பவர் = வோல்டேஜ் × கரண்ட்

முதல் சூத்திரம் ஜெர்மனியில பள்ளி ஆசிரியரா இருந்த கியார்க் ஓம் 1827-ல வெளியிட்ட புத்தகத்துல இருந்து வந்தது.

இப்போ கெட்டிலைத் திருப்பி அடியில இருக்கிற லேபிளைப் பாருங்க. 230 வோல்ட், 1500 வாட்னு போட்டிருக்குன்னு வச்சுக்குவோம். கரண்ட் போட்டிருக்காது. கவலையில்ல, பவரை வோல்டேஜால வகுங்க. 1500 ÷ 230, சுமார் 6.5 ஆம்பியர். இப்போ மின்தடை: 230 ÷ 6.5, சுமார் 35 ஓம். உள்ள இருக்கிற ஹீட்டிங் காயிலோட மின்தடை அதுதான்.

ஒரு எச்சரிக்கை. கெட்டில், அயர்ன் பாக்ஸ், கீசர் மாதிரி காயில் சூடாகிற பொருளுக்குத்தான் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமா வரும். மோட்டார் இருக்கிற ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏசிக்கு லேபிள் வாட்டை வச்சுக் கணக்குப் போட்டா வர்றதைவிட உண்மையான கரண்ட் கொஞ்சம் கூடவே இருக்கலாம்.

சரி, வீட்டுல சின்ன மூணு பின் சாக்கெட் 6 ஆம்பியருக்கு, பெரிய சாக்கெட் 16 ஆம்பியருக்கு. நம்ம கெட்டில் மட்டுமே 6.5 எடுக்குது. அதாவது 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோட எல்லையை அது ஒண்ணே தாண்டிடுச்சு.

இப்போ மூணாவது சூத்திரம். வோல்டேஜ்ங்கிறது கரண்ட் × மின்தடைதானே? அதை பவர் சூத்திரத்துல போட்டா இப்படி ஆகும்:

பவர் = கரண்ட் × கரண்ட் × மின்தடை

ஜேம்ஸ் ஜூல் 1841-ல வெளியிட்டது இதைத்தான். கரண்ட் ரெண்டு மடங்கானா, சூடு நாலு மடங்கு.

பழைய சாக்கெட்ல பின் லூஸா உட்காருது, சரியா ஒட்டல. அந்த இடத்துல மட்டும் அரை ஓம் மின்தடை கூடுதலா வந்திருக்குன்னு வைங்க. ஃபோன் சார்ஜர் போட்டா கரண்ட் ரொம்பக் கம்மி, அதனால சூடு ஒரு வாட்டுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. சாக்கெட் நல்லா இருக்குன்னு நினைச்சுக்குவோம். அதே இடத்துல கெட்டில் போட்டா? 6.5 × 6.5 × 0.5, சுமார் 21 வாட். எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல ஈயம் உருக்கின சால்டரிங் அயர்ன் ஞாபகம் இருக்கா? அது பெரும்பாலும் 25 வாட். அப்படி ஒண்ணை பிளாஸ்டிக் பாக்ஸுக்குள்ள வச்சு மூடின மாதிரி ஆச்சு.

கூடவே 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் போடுங்க. மொத்தம் 2500 வாட், சுமார் 10.9 ஆம்பியர். லூஸ் காண்டாக்ட் எக்ஸ்டென்ஷனோட பிளக்ல இருந்தா, அங்க இப்போ 59 வாட் சூடு.

"எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆகிடாதா?"ன்னு கேப்பீங்க. அந்த லைனுக்கு 16 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தா, அதுக்கு 10.9 ஆம்பியர் சாதாரண விஷயம். சொல்லப்போனா கூடுதல் மின்தடையால கரண்ட் துளி குறையத்தான் செய்யும். ஆர்சிசிபியும் உதவாது. போற கரண்டுக்கும் திரும்பி வர்ற கரண்டுக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் அது விழும். நம்ம பாஷையில சொன்னா, டேஷ்போர்டு முழுக்கப் பச்சை, ஆனா சர்வர் ரூம்ல புகை. கரண்டை அளக்கிற கருவிக்கு ஒரு பின்னோட சூடு தெரியாது.

அதனால அதைக் கவனிக்க வேண்டியது நாமதான். கெட்டில் ஓடி முடிஞ்சதும் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு பிளக்கோட பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்ல. கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, பின் ஓட்டையைச் சுத்திப் பழுப்பா இருந்தாலோ, கருகின வாடை, சடசட சத்தம் வந்தாலோ அந்த சாக்கெட்டை உபயோகிக்காதீங்க. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்துங்க. ஹவுஸ் ஓனர்கிட்ட பேசும்போது "59 வாட் சார்"னு கணக்கையே காட்டலாம்!

பெரிய பின்னை சின்ன சாக்கெட்ல சொருக கன்வெர்ஷன் பிளக் வாங்குறதையும் விட்டுடுங்க. அந்தப் பின் பெருசா இருக்கிறதுக்குக் காரணமே கரண்ட்தான்.

இன்னைக்கு ஹோம்வொர்க்: உங்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல தொங்குற எல்லாத்தோட வாட்டையும் கூட்டி, 230-ஆல வகுங்க. பாக்ஸ்ல எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கோ, அதைத் தாண்டுச்சுன்னா எதைக் கழட்டணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.