பல் இழந்த நாய்க்கான உணவு

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு. முதுமை, ஈறு நோய், அடிபடுதல் ஆகியவற்றால் அவற்றில் பெரும்பாலானவை விழுந்துவிடலாம். நாய்கள் பற்களைக் கடிக்கவும் கிழிக்கவுமே மிகுதியாகப் பயன்படுத்துகின்றன. மனிதரைப் போல நெடுநேரம் மெல்வதில்லை. செரிமானம் இரைப்பையிலும் சிறுகுடலிலுமே நடைபெறுகிறது. எனவே உணவை மென்மையாக்கிக் கொடுத்தால் பல் இழந்த நாயும் நலமாக வாழும்.

கேழ்வரகு உணவு

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கெலமங்கலம் வட்டாரத்தில் கேழ்வரகு முக்கியப் பயிராகும். வீட்டில் கிண்டும் களியை நாய்க்கும் வைப்பதுண்டு. பல்லில்லாத நாய் களி உருண்டையை அப்படியே விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். ஆகவே களியை வெந்நீரில் கரைத்து, கூழ் பதத்தில் ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கும் உலர் தீவனத்தையும் வெந்நீரில் ஊறவைத்து மசிக்கலாம்.

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 7 கிராம் புரதமே உள்ளது. கூழை மட்டும் உண்ணும் நாய் வயிறு நிறைந்தாலும் தசை இழந்து மெலியும். வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கி மசித்த கோழிக்கறி, முள் நீக்கிய மீன் ஆகியவற்றைச் சேர்ப்பது அவசியம். ஒரே வேளையில் நிறைய வைக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வைக்கலாம்.

தவிர்க்க வேண்டியவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே மீந்த குழம்பை ஊற்றக் கூடாது. திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். வேகவைத்த எலும்பு சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும்.

மருத்துவம்

வாய் நாற்றம், எச்சில் ஒழுகுதல், உணவை முகர்ந்துவிட்டு விலகுதல் ஆகியவை எஞ்சிய பற்களில் வலி இருப்பதற்கான அறிகுறிகள். மென்மையான உணவு இந்த வலியைப் போக்காது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.